இரண்டாவது கியரின் ஊளை

போன மாதம் ஒரகடத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் பழைய காருக்குக் கியர் ஆயில் மாற்றினேன். கியர் ஆயில் நாற்றம் உங்களுக்குத் தெரியுமா? அழுகின முட்டையைத் தார் டின்னில் போட்டு மூடி வைத்த மாதிரி இருக்கும். சட்டையில் பட்டால் சட்டையையே தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, "இப்ப ஸ்மூத்தா வுழுது சார், சத்தமே இல்ல" என்றான். எனக்குக் குமரேசன் மாமா ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

மாமா என்றால் அக்கா புருஷன். 1991இல் தேவகி அக்காவைச் சேரப்பணஞ்சேரியில் கட்டிக்கொடுத்தபோது சீரோடு சீராக ஒரு அம்பாசிடரையும் கொடுத்தார் அப்பா. புது வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மரவாடியில் மேஸ்திரி. அவருடைய முதலாளி ஓட்டி ஓட்டி அலுத்து, மரக்கட்டைகளுக்கு நடுவே போட்டு வைத்திருந்த வண்டி அது. அதைக் கேட்டு வாங்கி, வெள்ளை பெயின்ட் அடித்து, மாலை போட்டு மண்டப வாசலில் நிறுத்திவிட்டார். போட்டோவில் பார்த்தால் மந்திரி வண்டி மாதிரி இருக்கும்.

அந்த வருஷம்தான் நான் பி.இ. மெக்கானிக்கல் முடித்திருந்தேன். வேலை இல்லை, வாய் மட்டும் இருந்தது. மாமா ஐ.டி.ஐ. படித்துவிட்டு மண்ணூரில் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். என் படிப்பு அவருக்கு ஆகாது, அவர் மீசை எனக்கு ஆகாது. கல்யாணப் பந்தியில் நான் எதிரே உட்கார்ந்தேன் என்பதற்காக இலையை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போன ஆள் அவர்.

ஆறே மாதத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"ரெண்டாவது கியர் வுழ மாட்டேங்குது. காத்தாலைல குச்சி வச்சி நெம்பணும் போலக்கீது. சரி பண்ணிக் குடுங்க. இல்லன்னா வண்டியையும் உங்க பொண்ணையும் சேத்து இங்கயே வுட்டுட்டுப் பூட்றேன். ரெண்டும் உங்க வூட்டு சாமான்தானே?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சும்மா இருப்பேனா?

"ஆயில மாத்துனா முடிஞ்சுது மாமா. வண்டி மேல தப்பு இல்ல, ஓட்டுற கை மேலதான் தப்பு. ஞாயித்துக்கெழம நானே வரேன்."

"நீ போவாதடா. மெக்கானிக்க அனுப்பிக்கலாம்" என்றார் அப்பா அவசரமாக. நாலு வருஷம் படிக்க வைத்தும் என்னை நம்பாத மனுஷன் என்று அவர் மேலும் கோபம் வந்தது. போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆயில் கேனோடு பஸ் ஏறிப் போய் இறங்கினேன். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் அம்மா, முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டு.

"இன்ஜினியர் சாரு வந்துட்டாரு பாரும்மா. ஸ்பேனர எந்தப் பக்கம் புடிக்கணும்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா மச்சான்?"

"உங்க கம்பெனில சொல்லிக் குடுத்ததே போதும்னு வுட்டுட்டாங்க மாமா."

ஆயில் சூடாக இருந்தால்தான் முழுக்க வடியும். அதனால் முதலில் வண்டியை ஓட்டச் சொன்னேன். ஒரகடம் வரை போய் வந்தோம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கியர் தண்டை அவர் இழுத்த இழுப்பைப் பார்த்தால் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குகிற மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். அவர் பார்க்கட்டும் என்றே சிரித்தேன்.

திரும்பி வந்ததும் முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன். அக்கா ஒரு பழைய அன்னக்கூடையைத் தள்ளிவிட்டாள். டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஆயில் வரவில்லை. கேழ்வரகுக் கூழ் வந்தது. சொத்து சொத்தென்று விழுந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். நறநறவென்று நார்.

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! வெளியே உருண்டு வந்து, பக்கத்து வீடு வரை கேட்கும்படி கத்தினேன்.

"மரத்தூள்! கியர் தேஞ்சி ஊளையிடுற வண்டிய தள்ளி வுடறதுக்காக, சத்தம் கேக்காம இருக்க உள்ள மரத்தூளக் கொட்டுவானுங்க. பக்கா ஃபிராடு வேல இது! அதான் கியர் வுழல. எந்த மெக்கானிக்கிட்ட வுட்டு ஏமாந்தீங்க மாமா?"

மாமா எழுந்திருக்கவே இல்லை. "உங்கப்பா சாவி குடுத்த நாள்லேருந்து ஒரு நட்டக்கூட தொடல மச்சான்" என்றார் நிதானமாக.

அக்கா குனிந்து அன்னக்கூடையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். முந்தானையில் ஒற்றி முகர்ந்து பார்த்தாள். அந்தக் கந்தக நாற்றத்துக்கு அடியில் தேக்கு வாசனை இருந்தது. தினமும் சாயங்காலம் அப்பா சட்டையோடு வீட்டுக்குள் வருகிற வாசனை. அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் அவள்தான்.

"உன்ன யார்றா கூப்ட்டா?" என்றாள். என்னிடம் மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு.

மாமா சிரித்தார். தூளைக் கொட்டியது அப்பாதான் என்று அவருக்கும் புரிந்துவிட்டது அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாது. மண்ணெண்ணெய் ஊற்றி அலசினேன். பிளக்கை முறுக்கினேன். வண்டிக்குள்ளே தரைவிரிப்பைத் தூக்கி, ரப்பர் மூடியைத் திறந்து, புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றினேன். மாமா வண்டியை எடுத்தார். இரண்டாவது கியர் ஒற்றை விரலுக்கு விழுந்தது. ஆனால் அடைத்து வைத்த தூள்தான் போய்விட்டதே! ஊ...ஊ...ஊ என்று வண்டி அழ ஆரம்பித்தது. தெருவே வெளியே வந்து பார்த்தது.

"கியர் சூப்பரா வுழுது மச்சான்" என்றார் மாமா. "உங்க அக்கா இங்கயே இருக்கட்டும். வண்டியும் இருக்கட்டும். ரெண்டுமே எனக்கு வேணும்."

எதற்கு வேண்டும் என்று அடுத்த பொங்கலுக்குத்தான் புரிந்தது. எங்கள் தெருமுனையில் திரும்பியதிலிருந்து வீடு வரை இரண்டாவது கியரிலேயே வந்தார். வாசலில் நிறுத்தியும் அணைக்காமல், முன்னும் பின்னும் நகர்த்தி ஊளையிட வைத்தார். அப்பா கையிலிருந்த காபியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். தீபாவளிக்கும் அதே. எட்டு வருஷம் அதே. பின்னால் அக்காவும் ரெண்டு பிள்ளைகளும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருமுறை பின்கட்டில் அப்பாவைப் பிடித்துக் கேட்டே விட்டேன்.

"கல்யாணத்தன்னிக்கு மட்டும் கத்தாம இருந்தா போதும்னு நெனச்சேன்டா" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "மூடி வச்சத நீதான் போயி கழுவி வுட்டுட்டு வந்த" என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசியதில்லை.

இப்போது அப்பா இல்லை. மரவாடி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். மாமா வீட்டு நிலத்தின் மேல் ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் போகிறது. அம்பாசிடர் காயலான் கடைக்குப் போய்விட்டது. விற்கும்போதுகூட மாமா விடவில்லை. "ஊளையோடயேதான் வித்தேன் மச்சான். தூள் போடல" என்று எனக்குப் போன் செய்து சொன்னார். அதற்கப்புறம் இத்தனை வருஷமாக அவரோடு எனக்குப் பேச்சே கிடையாது.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேராகப் படப்பையில் அவர்கள் குடியிருக்கும் பிளாட்டுக்குத்தான் போனேன். என் வண்டி ஊளையிடாது என்று காட்ட வேண்டுமென்றே இரண்டாவது கியரில் போய், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இரண்டடி தள்ளி நிறுத்தினேன். முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்த வசவுகள் தொண்டையில் தயாராக இருந்தன. மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. போய்த் தோளைத் தட்டினேன்.

"எப்ப வந்த மச்சான்? வண்டி சத்தமே கேக்கலியே" என்றார்.

சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கத்திப் பேசு" என்றாள். "பிரஸ் ஷாப்புல வேல செஞ்ச காது. பதினஞ்சு வருஷமா ஒண்ணும் கேக்கறதில்ல அவருக்கு."