சுடுகாட்டு மோட்டார்

சிவராஜுக்குப் பிணத்தைக் கண்டால் பயமில்லை. மோட்டார் நின்றால்தான் பயம். ஹவுராப் பக்கம் ஒரு மின்சாரச் சுடுகாட்டில் அவர் ஃபிட்டர். அங்கே உலையைச் ‘சுல்லி’ என்பார்கள். சுல்லிக்குப் பின்னால் இருக்கும் பெரிய விசிறி புகையை உறிஞ்சிப் புகைபோக்கிக்குத் தள்ளும். விசிறி நின்றால் சுல்லியை அணைத்தாக வேண்டும்; உள்ளே இருப்பவர் பாதியில் கிடப்பார். அப்படிக் கிடந்த கிழவர் ஒருவரின் மகன், கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை “பாபா, பாபா” என்று கூப்பிட்டான். அந்தக் குரல் சிவராஜைப் பல வருஷம் தூங்கவிடவில்லை.

போக மனசில்லாத ஆத்மாதான் மோட்டாரை நிறுத்துகிறது என்று அங்கே பேச்சு. சிவராஜுக்குத் தெரியும், அது கேஸ்கெட், இடுக்கை அடைக்கும் பட்டை. விசிறிக்கூடும் குழாயும் சேரும் இடத்தில் அது கருகிவிட்டால், இடுக்கு வழியே அனல் மோட்டார்மேல் வீசும். சூடு தாங்காமல் மோட்டார் முனகி நின்றுபோகும். கேஸ்கெட்டை விட்டுவிட்டு மோட்டாரை மாற்றுவது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாயை மாற்றுவது போலத்தான்.

குடியிருப்பில் இருந்த தமிழர்கள் அவர் கையால் விபூதி வாங்கக்கூடத் தயங்கினார்கள். அவர் மனைவி மகேஸ்வரி மட்டும் லட்சியம் செய்யவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது என்பாள். அவரையே வெற்றிலை மடித்துத் தரச் சொல்லி, நாலு பேர் பார்க்க வாசலில் நின்று மெல்லுவாள். திமிர்பிடித்தவள். அந்தத் திமிரில் கால்வாசி நமக்கிருந்தால் நன்றாயிருக்கும்.

தொண்ணூற்றெட்டு தை மாதம் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோயிற்று. அவர் லீவு போட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததில், மாற்ற வேண்டிய கேஸ்கெட் மாற்றாமலே இருந்தது. பிள்ளையென்று சாதனா ஒருத்திதான், அதுவும் பெண். ஆகவே கொள்ளி அவரே போட்டார். மகேஸ்வரியின் தம்பி கோபு கரக்பூரிலிருந்து வந்து காரியங்களைப் பார்த்துக்கொண்டான். சுல்லி வாசலில் அவர் கற்பூரம் ஏற்றி, குடம் உடைத்ததும் தோளைப் பிடித்து ஆற்றுப் பக்கம் திருப்பினான்.

“மாமா, இனிமே திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அக்கா கூடவே வீட்டுக்கு வந்துரும்.”

அவர் நடந்தார். முற்றத்தைத் தாண்டவில்லை, பின்னால் விசிறியின் சத்தம் கனத்தது. அழுகைக்கு நடுவே வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. இரைச்சல் தேய்ந்து முனகலாயிற்று. போகிறபோதே அவள் கூப்பிடுகிறாள் என்று ஒரு கணம் அவரே நம்பிவிட்டார்.

திரும்பினார். கோபு கையைப் பிடித்து இழுத்தான்.

“விடுடா. பாதியில கெடப்பாடா அவ.”

சுல்லிக்கும் மோட்டாருக்கும் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். ஈரவேட்டியோடு பின்கட்டுக்குப் போய், மோட்டார்மேல் நனைந்த சாக்கைப் போட்டார். போல்ட்டுகளைத் தளர்த்தி, கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை இடுக்கைச் சுற்றிச் செருகி முறுக்கினார். உள்ளங்கைத் தோல் இரும்போடு போயிற்று. அந்த இடுக்கில் வந்த புகை அவளுடையது என்பதை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டே வேலை செய்தார். ஆறிய மோட்டார் ஒருவழியாகப் பிடித்து ஓடியது. சுல்லியை மறுபடி போடச் சொல்லி, அவள் முழுக்க அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அக்கம்பக்கம் அரண்டுபோயிற்று. கொள்ளி போட்டவனே திரும்பிப் போய்ப் பார்த்தால் செத்தவள் சும்மா இருப்பாளா என்றார்கள். கோபு வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினான். ஊருக்குக் கிளம்பி அவன் தெருமுனை தாண்டுவதற்குள் சிவராஜ் அதை அவிழ்த்துவிட்டார். பாத்திரம் உருண்டால் எழுந்து போய்ப் பார்ப்பார், திரை அசைந்தால் பேச்சை நிறுத்துவார். அப்பா பயந்துபோயிருக்கிறார் என்றுதான் சாதனா வெகுகாலம் நினைத்திருந்தாள்.

அவள் கல்யாணமாகி கல்கத்தா சால்ட் லேக் போனபின் ஒருநாள், இனியாவது பயப்படாமல் தன்னோடு வந்து இருக்கும்படி கெஞ்சினாள். அவர் தலையாட்டி மறுத்தார்.

“உங்கம்மா வருவான்னு எல்லாரும் சத்தியம் பண்ணாங்கம்மா. அதையும் நெனச்சுத்தான் திரும்பினேன். இன்னும் வரலையே.”