சின்யோராவுக்கு ஏலக்காய் ஒத்துக்கொள்ளாது

பெருவிரலால் டயரை அமுக்கிப் பார்க்கிறாள் அமலினி. ஒன்பது சைக்கிள், பதினெட்டு டயர். காற்றளக்கும் கருவி இடுப்புப் பையில் இருக்கிறது, எடுப்பதில்லை. வந்தவர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்க, சந்தையில் மாம்பழம் பார்க்கிற கையோடு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறாள். எட்டாவதில் விரல் நிற்கிறது. "இது பசியோட நிக்குது" என்று தமிழில் தனக்குள் சொல்லிவிட்டுப் பம்பை எடுக்கிறாள். இத்தாலியனுக்கு மாறுவது அதன் பிறகுதான்.

வயது இருபத்தாறு. வீடு பலெர்மோவில், அல்பெர்கேரியாவின் ஒடுக்கமான சந்தொன்றில், மூன்றாம் மாடி. குளிர்காலத்தில் ஒரு சைக்கிள் கடையில் செயின் மாற்றுவாள். பங்குனி பிறந்துவிட்டால் சனிக்கிழமை விடியற்காலை தன் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் கத்தானியா போய், அங்கே காத்திருக்கிற சுற்றுலாக்காரர்களை எட்னா எரிமலையின் அடிவாரம் வழியே இரண்டு நாள் சைக்கிளில் கூட்டிப்போவாள். ஞாயிறு இரவு வீடு திரும்பும்போது காதுக்குள்ளும் கரிமணல் இருக்கும்.

எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த வெளியை அந்தப் பக்கத்துச் சனங்கள் "ஷாரா" என்பார்கள். உழுது போட்ட வயல் அப்படியே கல்லாய்ப்போன மாதிரி, பார்க்கிற தூரமெல்லாம் கறுப்பு. பழைய குழம்பில் சாம்பல் நிறப் பாசி படர்ந்து, நாகதாளி முளைத்து, வைகாசி ஆனியில் மஞ்சள் பூப் புதர்கள் தலைகாட்டும். புதிய குழம்பில் ஒன்றும் இல்லை, வெயில் மட்டும்தான். அமலினிக்கு இவற்றின் ஆண்டெல்லாம் மனப்பாடம். "இது எண்பத்தொண்டிலை வந்தது, எனக்கு அக்கா முறை" என்று வீட்டில் படம் காட்டிச் சொல்வாள்.

கரிமணல் தூவிய இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அவளுடைய இடது முழங்காலில் மிளகு தூவியதுபோல் ஏழெட்டுக் கறுப்புப் புள்ளிகள் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டன. அதனால் முதலுதவிப் பையில் பஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பல்துலக்கியும் வைத்திருப்பாள். விழுந்தவருடைய காயத்தை அதால் தேய்த்துத்தான் கழுவுவாள். பெரிய மனிதர்களெல்லாம் குழந்தைபோலக் கத்துவார்கள். "கத்துங்கோ, கத்துங்கோ, மலைக்குக் கேக்காது" என்று தேய்த்துக்கொண்டே இருப்பாள். மொழி புரியாவிட்டாலும் அந்தக் குரலுக்கு அடங்குவார்கள்.

எங்கே இருந்து வருகிறாய் என்று கேட்டால் "பலெர்மோ" என்பாள். இல்லை, உண்மையில் எங்கே இருந்து என்று கேட்டால் "பலெர்மோ, பல்லாரோ சந்தைக்குப் பின்னாலே" என்பாள். மூன்றாம் தரமும் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு முன்னால் வேகமாக மிதித்துப் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது புனிதமலர் அக்கா ஒருநாள் அவளுடைய தகப்பனிடமே கேட்டுவிட்டார். "லிசேயோப் பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளை. ஒரு ஒபிசிலை இருக்கலாம். வெள்ளையளுக்குப் பின்னாலை சைக்கிள் உழக்கித் திரியிறா. உங்களுக்கு ஒண்டும் தோணேல்லையோ?"

"அவள் பின்னாலை போகேல்லைப் பிள்ளை" என்றார் அருளையா. "அவையள்தான் அவளுக்குப் பின்னாலை போகினம்."

இந்தப் பதிலை அவர் வேறு ஆட்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி.

அருளையா மன்னார்க்காரர். இருபத்தெட்டு வருடமாக ஒரு பேராசிரியர் வீட்டில் வேலை. சமைப்பார், கடைக்குப் போவார், விருந்து நாட்களில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொண்டு பரிமாறுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த அமலினி அந்த வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்துதான் வீட்டுப்பாடம் செய்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் வேறாகிவிடும். மெல்லியதாக, ஓரமெல்லாம் மழித்ததாக: "ப்ரேகோ, சின்யோரா." இந்தாருங்கள் அம்மணி என்று அர்த்தம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் பழைய குரல்: "என்னடி, கணக்கு முடிஞ்சுதோ?"

போன வருடம் ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர் மகளுக்குப் போன் எடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் அந்தச் சனத்துக்கு என்ன சாப்பாடு?"

"பாணும் சீஸும் அப்பா. தக்காளியும் இருக்கு."

"நாள் முழுக்க உழக்கி வாற சனத்துக்கு வெறும் பாணோ?"

"அப்பிடித்தான் அப்பா எல்லா இடத்திலையும்."

"எந்த இடத்திலை நிண்டு சாப்பிடுவியள்?"

வழமையாக அவர் போனில் வரைபடத்தைத் திறந்து, மகள் போகிற பாதையில் விரலை ஓட்டிப் பார்ப்பவர்தான். அதற்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்து இடத்தை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை ரந்தாத்ஸோவில் கோப்பி குடிக்க நின்றபோது, மிலானிலிருந்து வந்த ஒரு பெண்மணி அந்த மூன்றாவது கேள்வியையும் கேட்டாள். சைக்கிள் சுவரில் சாத்தியிருந்தது. தப்பிப் போக வழியில்லை. ஸ்ரீலங்கா என்றாள் அமலினி. பெண்மணியின் முகம் மலர்ந்தது. "எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்! பத்து வருடம். தங்கமான மனிதர். வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டு ஊருக்குப் போவோம்." மற்றவர்களும் நல்லவிதமாகத் தலையசைத்தார்கள். அமலினியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கன்னம் கூசுகிறது.

பன்னிரண்டரைக்குக் கறுப்பு வெளியின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வழக்கமாக நிற்கிற கல்மதிலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வான். பக்கத்து வீட்டுப் பீலிக்ஸ் மாமாவுடையது. மதிலின் மேல் பூப்போட்ட மேசைவிரிப்பு, அதன் மேல் பெரிய அலுமினியப் பானை, அடுக்கிவைத்த தட்டுகள். பக்கத்தில் மணிக்கட்டுவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டையோடு அருளையா. பூசையை விட்டுவிட்டு, மூன்று மணித்தியாலம் பயணம் செய்து வந்திருக்கிறார். மகளுடைய விருந்தாளிகள் என்பதால் இருக்கிறதில் நல்ல உடுப்பைப் போட்டிருக்கிறார். அவரிடம் இருக்கிற நல்ல உடுப்பு அது ஒன்றுதான்.

"அடடா, என்ன சேவை! இவர் யார்?" என்று சைக்கிளை விட்டு இறங்கியபடியே கேட்டாள் மிலான்காரி.

"கேட்டரிங்காரர்" என்றாள் அமலினி.

யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்குள் தயாராக இருந்த சொல்போல வந்து விழுந்தது. விழுந்த பிறகு, எடுத்துவிடலாம் என்று ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

அருளையாவுக்கு இத்தாலியன் நன்றாகத் தெரியும். மகளைப் பார்த்துப் "பிள்ளை" என்று திறந்த வாய் மூடிக்கொண்டது. பானை மூடியைத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. ஆவி மேலே போயிற்று. பிறகு இடது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் மடிந்தது.

"ப்ரேகோ, சின்யோரா" என்றார் மிலான்காரியிடம். "கோழி போட்ட சோறு. காரம் குறைவு."

குசினிக் கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

ஒவ்வொருவருக்காகப் பரிமாறிக்கொண்டு வந்தார். வானில் சாய்ந்து நின்ற பீலிக்ஸ் மாமா ஒன்றும் விளங்காமல் அமலினியைப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல் தண்ணீர்ப் போத்தல்களை எண்ணினாள். கடைசித் தட்டு அவளுக்கு. சோற்றைப் போட்ட அருளையா, கரண்டி நுனியால் கிளறி ஓர் ஏலக்காயை எடுத்து ஓரத்தில் வைத்தார். பிறகு இன்னொன்று. பல்லில் ஏலக்காய் கடிபட்டால் அமலினி அதற்கு மேல் சாப்பிட மாட்டாள். அவள் சோறு தின்னத் தொடங்கிய நாளிலிருந்து அவர் செய்கிற காரியம். நாக்கு நாடகம் ஆடினாலும் கைக்கு அது தெரியவில்லை.

மிலான்காரியின் கண் பட்டுவிட்டது. "எங்களுக்கு மட்டும் எடுத்துத் தரவில்லையே!" என்று விளையாட்டாகச் சொன்னாள். எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போதாவது சொல்லிவிடலாம். இவர் என் அப்பா. நாலு சொல்கூட இல்லை.

அருளையா முந்திக்கொண்டார். "சின்யோராவுக்கு ஏலக்காய் ஒத்துக்கொள்ளாது" என்றார், கண்களைத் தட்டிலிருந்து எடுக்காமல். "முன்பே சொல்லியிருந்தார்."

தட்டை இரண்டு கையாலும் வாங்கிச் சாப்பிட்டாள். முழுதையும் சாப்பிட்டாள். மற்றவர்கள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். பானை வெறுமையானதும் அவர் விரிப்பை உதறி நான்காக மடித்தார், எல்லோருக்கும் பொதுவாகத் தலை குனிந்தார், வானில் ஏறினார். அதன் பிறகு ப்ரோந்தே ஊர்வரை இருபது கிலோமீட்டருக்கு அமலினி ஒருதரமும் திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள். வழிகாட்டி அப்படிப் போகக்கூடாது. இரண்டு பேர் பாதை தவறி அரை மணிநேரம் பிஸ்தா மரங்களுக்குள் சுற்றிவிட்டு வந்தார்கள்.

அன்றிரவு வீட்டில் தாய் விமலராணி ஆவலோடு கேட்டார். "சனம் என்ன சொன்னது?"

"நல்லாச் சாப்பிட்டவை" என்றார் அருளையா. மகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான்: "எல்லாருக்கும் சோறு காணுமாயிருந்ததோ?"

"ஓம் அப்பா. காணும்."

அடுத்த கிழமை அவள் தொடங்கினாள். "அப்பா, அண்டைக்கு நான்..."

"பொறு, நியூஸ் போகுது" என்றார். தொலைக்காட்சியில் அப்போது ஷாம்பு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அவர் கேட்காமலே அவள் இடத்தை அனுப்புகிறாள். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வரும், அவ்வளவுதான். புனிதமலர் அக்காவுக்குச் சொன்ன அந்தப் பதிலையும் அவர் வாயிலிருந்து பிறகு யாரும் கேட்கவில்லை. அமலினியிடமும் ஒரு மாற்றம். எங்கே இருந்து என்று கேட்பவர்களிடம் முதல் தரத்திலேயே சொல்லிவிடுகிறாள்: மன்னார், அப்பா வீட்டுவேலை, ஒரு பேராசிரியர் வீட்டில், நல்லாய்ச் சமைப்பார். கேட்காதவர்களுக்கும் சொல்கிறாள். இந்த ஆட்களிடம் சொல்லி என்ன பிரயோசனம் என்று அவளுக்கும் தெரியும். அன்றைக்கு வந்த எட்டுப் பேர் இவர்கள் இல்லை.

சனிக்கிழமை விடியலில் சைக்கிளை பஸ் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவது மட்டும் இன்னும் அருளையாதான். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. போன கிழமை புதிய டிரைவர் ஒருவர், இளம் ஆள், பஸ்ஸின் வயிற்றுக் கதவைத் திறந்துவிட்டு நின்றார். முன்சக்கரத்தைத் திருப்பி, பெடல் கீறாமல் கந்தல் துணி சுற்றி, தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவதுபோல் அருளையா சைக்கிளைக் கிடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவருக்குச் சிரிப்பு வந்தது. அமலினியைத் தாடையால் காட்டி, அவரிடம் கேட்டார்:

"உங்கள் மகளா?"

துணியின் முடிச்சில் கை வைத்தபடியே அருளையா அமலினியின் பக்கம் திரும்பி, என்ன சொல்லட்டும் என்று கேட்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றாள் அவள். அவசரத்தில் தமிழில் வந்துவிட்டது. "ஆமாம், ஆமாம், அப்பாதான். என்னுடைய அப்பா" என்று இத்தாலியனில், பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் எட்டிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னாள்.

அதன் பிறகுதான் அருளையா டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார்.