அத்தா வரும்வரை நடக்காத பிள்ளை

செய்தி ஒரு தபால் அட்டையில் வந்தது. நான் முன்பு வேலை பார்த்த நீடாமங்கலம் பள்ளிக்குப் போய், அங்கே அலமாரியில் கிடந்து, யாரோ விலாசம் திருத்தி, தஞ்சாவூர் வந்துசேர இருபது நாள் ஆகியிருந்தது. நான்கு வரி. ஜைனம்பு மவுத்தாகிவிட்டது. மஞ்சள் காமாலை. பத்து நாள் படுத்திருந்தது. டீச்சருக்கு எழுதச் சொன்னது. எழுதியவர் பெயர் இல்லை.

வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே என் மகள் கயல் தோசை மாவைத் தரையில் ஊற்றி விரலால் படம் வரைந்துகொண்டிருந்தாள். முதலில் அதைத் துடைத்தேன். ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். அதன் பிறகுதான் திரும்பவும் அட்டையைப் படிக்க முடிந்தது.

அவர் என் உறவு இல்லை. நீடாமங்கலத்தில் நான் குடியிருந்த இரண்டு வருடங்களும் பக்கத்து வீட்டில் இருந்தவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவர் படம் ஒன்றும் என்னிடம் இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் ஒரு தெருவில் அடங்குவார்கள். தெரியாதவர்களுக்கு எங்கிருந்து சொல்வது என்று யோசிக்கிறேன். கொல்லைச் சுவரிலிருந்து சொல்லலாம்.

என் கணவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் குத்தகைப் பதிவு வேலை. யார் நிலம், யார் உழுவது என்று ஊருக்கு ஊர் இரண்டு கட்சியாக நின்ற காலம் அது. காலையில் வாங்கிய வாக்குமூலத்தை மாலையில் மாற்றிச் சொல்வார்கள். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவார், சில வாரம் அதுவும் இல்லை. நான் பத்து மாதக் குழந்தையோடு புதிய ஊரில் இருந்தேன். எம்.ஏ. படித்திருந்தேன். குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

முழு ஆண்டுப் பரீட்சை விடைத்தாள்களைக் கொல்லையில் பாய் விரித்துத் திருத்திக்கொண்டிருந்தேன். கயல் தவழ்ந்து வந்து தாள்கட்டின்மேல் ஏறிக் குடித்த பால் முழுவதையும் வாந்தி எடுத்தாள். எதைத் தூக்குவது, பிள்ளையையா தாள்களையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு மேலே முக்காடிட்ட ஒரு முகம் தெரிந்தது. இடுப்பில் ஒரு பையன்.

"எல்லாத்துக்கும் ஒரே மார்க்காப் போட்டுட்டா போல" என்றது அந்த முகம்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அட, அழுவுறீங்களா? பெரிய படிப்புப் படிச்சவங்கன்னாங்க. புள்ளைய இங்கிட்டுக் குடுங்க. தாள வெயில்ல போடுங்க, காஞ்சிரும்."

அப்படித்தான் ஜைனம்பு அக்கா வந்தார். அவருக்கு இரண்டு குழந்தைகள். மும்தாஜுக்கு அப்போது நான்கு வயது. இடுப்பில் இருந்தவன் யூசுப், கயலைவிட இரண்டு மாதம் சின்னவன். கணவர் கரீம் பாய் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். மாமியார் இல்லை, தாய் வீடு தொலைவு. யூசுப் பிறந்ததை அவருக்குத் தந்தியில்தான் சொன்னார்கள். அவர் இன்னும் மகனைப் பார்க்கவில்லை.

கயல் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்தாள். அரிசி டின்னிலிருந்து கதவுவரை நான்கு அடி. சனிக்கிழமை கணவர் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை, நான் சொல்லிவிட்டேன்: "உங்க பொண்ணு நடந்து நாலு நாள் ஆச்சு." அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அவர் "அப்படியா" என்றார். முகம் கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

ஜைனம்பு அக்கா மறுநாள் சுவரருகே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் டீச்சர் சொன்னீங்க?"

"நடந்ததைத்தானே சொன்னேன்?"

"நடந்தாச்சுன்னு அவருகிட்ட சொல்லாட்டி என்ன? அவரு வந்து ஒக்காந்ததும் புள்ளைய எறக்கி விட்டிருந்தா, அவரு முன்னாடிதானே மொதல்ல நடந்திருக்கும்!"

அன்றுதான் அவர் வீட்டு வழக்கம் எனக்குத் தெரிந்தது. மும்தாஜ் பதினோராவது மாதத்தில் நடந்துவிட்டாள். கரீம் பாய் வர அப்போது இரண்டு மாதம் இருந்தது. நிற்கிறாள், சுவரைப் பிடிக்கிறாள் என்று மட்டும் கடிதம் போயிற்று. அவர் வந்த அன்று காலை முதல் அக்கா பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்கவே இல்லை. அவர் குளித்துச் சாப்பிட்டுக் கூடத்தில் உட்கார்ந்த பிறகு தூணருகே இறக்கிவிட்டு, "அத்தாகிட்ட போ புள்ள" என்றாராம். போனாள். அந்த மனிதர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுவதும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்தமுறை கப்பலைத் தவறவிட்டு இருபது நாள் கூடுதலாக இருந்தார்.

"அப்ப அது பொய்தானே, அக்கா?"

"பொய்யா? புள்ள நடந்துச்சா இல்லியா?"

அவள் நடந்தது உண்மைதான். ஆனால் நான் ஒப்பவில்லை. ஒரு தகப்பனுக்கு உண்மை தெரிய வேண்டும், ஏமாற்றி வைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவது என்று நினைத்தேன். இப்படி நினைப்பதற்கு எனக்குப் படிப்பு இருந்தது.

ஜைனம்பு அக்காவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுதத் தெரியாது. பினாங்குக்குக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நோன்புப் பெருநாளுக்குக் கரீம் பாய் வருவதாக இருந்தது. அதற்கு இரண்டரை மாதம் முன்பு ஒரு மத்தியானம் ஏர்மெயில் தாளை விரித்து உட்கார்ந்தேன். யூசுப் நடக்கத் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

"யூசுப் நல்லா நிக்கிறான், இன்னும் அடி எடுத்து வைக்கலன்னு எழுதுங்க."

அந்த நேரத்தில் யூசுப் எங்களை நோக்கி நேராக நடந்து வந்தான். மைப்புட்டியைத் தட்டினான். கவிழ்ந்த மையில் மிதித்துக் கடிதத்தின்மேல் ஏறி நின்றான். நீலப் பாதம், ஐந்து விரலோடு.

ஜைனம்பு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்பிடியே அனுப்பிருவோமா? இன்னும் நடக்கலன்னு இவனே எழுதிட்டான்!"

தாள் பாழாயிற்று. வீட்டில் வேறு தாளில் எழுதி அனுப்பிவிடுகிறேன் என்றேன். எழுதினேன். அவர் சொன்னதை எல்லாம் எழுதினேன், அந்த ஒன்றைத் தவிர. அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: யூசுப் ஒன்றரை மாதமாக நடக்கிறான். நன்றாகவே நடக்கிறான்.

பதில் வந்தபோது அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் படித்தேன். எப்போதும் இரண்டு பக்கம் எழுதுகிறவர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். பையன் நடந்துவிட்டது அறிந்து சந்தோஷம். கடையில் ஆள் குறைவு. முதலாளி இருக்கச் சொல்கிறார். பையன் நடப்பதைப் பார்க்கத்தான் அவசரப்பட்டேன். இனி அடுத்த வருடப் பெருநாளுக்கு வருகிறேன்.

அந்த வரிகளைத் தாண்டிப் படித்திருக்கலாம். முழுவதையும் படித்தேன்.

முறம் நின்றது. சற்றுக் கழித்து மறுபடி ஆடியது.

"டீச்சரே எழுதிட்டீங்களா" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

நான் ஏதோ சொன்னேன். உரிமை என்ற சொல் அதில் இருந்தது என்று நினைக்கிறேன்.

"சாமானெல்லாம் பார்சல்ல வந்துரும் டீச்சர். ஆளு வரணும்னா, வந்து பாக்குறதுக்கு ஒண்ணு மிச்சமிருக்கணும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்குப் பிறகு சுவருக்கு மேலே அந்த முகம் தெரியவில்லை. பெருநாளன்று மும்தாஜ் புதுப் பாவாடையில் வந்து ஒரு கிண்ணம் வட்டலப்பத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடினாள். அடுத்த வீட்டில் இரண்டு குழந்தைகளோடு ஒருவர் பெருநாள் கொண்டாடும் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம்தான் அதிகம். நான் இனிப்பைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சாப்பிட்டேன்.

தை பிறந்தது. அந்த வருடம் சம்பா அறுவடை பாதியில் நின்றது. கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாள் எடுப்போம் என்றார்கள் ஒரு பக்கம். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள் இன்னொரு பக்கம். போலீஸ் வந்தது. வலங்கைமான் பஸ் ஓடவில்லை. பொங்கலுக்குக் கணவர் வர முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அடிதடி நடந்த ஊரில் அவர் இருக்கிறார் என்பதை இன்னொருவர் சொன்னார்.

பொங்கலன்று காலை கயலுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று பாவாடை மாற்றியாயிற்று. அடுப்பில் பால். கூடத்தில் அவள் செய்து வைத்திருந்த அசிங்கம். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

"பால் பொங்குது, புள்ள அழுவுது, எதுக்கு மொதல்ல ஓடுறதுன்னு நிக்கிறீங்களா?"

சுவரேறி வந்திருந்தார். மூன்று மாதம் கழித்து. கயலை ஒரு கையால் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். கழுவினார். கூடத்தையும் கழுவினார். நான் தடுத்தேன்.

"போங்க டீச்சர், ஒங்க அரிசியப் போடுங்க. என் வீட்டுல பாக்காத அசிங்கமா?"

எல்லாம் முடிந்து உட்கார்ந்தோம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மூலையில் சாத்தியிருந்த கரும்புகளைப் பார்த்தார்.

"ஒண்ண ஒடைக்காம வைங்க. அவரு வந்து ஒடைக்கட்டும். கயலு அதுவரைக்கும் கரும்பே தின்னாத புள்ளையா இருக்கட்டும்."

"அவ காலையிலேயே தின்னுட்டாளே, அக்கா. அதனாலதான் இந்தக் கோலம்."

"அதத்தான் சொல்லாதீங்கங்கறேன்!"

மூன்றாம் நாள் என் கணவர் வந்தார். முழங்கால்வரை சேறு, கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். எதுவும் பேசவில்லை. கரும்பை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்து, பல்லால் சீவி, ஒரு துண்டைக் கயலின் வாயில் வைத்தார். அவள் முகத்தைச் சுளித்துப் பிறகு சப்பினாள். "பார், முதல் தடவைன்னா இப்படித்தான்" என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் பேசத் தொடங்கினார். அந்த ஊரில் பார்த்ததை எல்லாம் அன்று மாலைவரை பேசினார்.

கரீம் பாய் சொன்னபடி அடுத்த பெருநாளுக்கு வந்தார். யூசுப்புக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. அவன் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்று, "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்டான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அது கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஜைனம்பு அக்கா அன்றும் பிறகும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

அதன்பின் எங்களுக்கு மாற்றல் வந்தது. தஞ்சாவூருக்கு. வருகிறேன் வருகிறேன் என்று நான்கு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அட்டை வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போனேன். கரீம் பாய் வந்திருந்தார். மத்தியானத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். மும்தாஜ் கதவைத் திறந்தாள். பத்து வயது. முக்காட்டைத் தாயைப் போலவே காதுக்குப் பின்னால் செருகியிருந்தாள். தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தா அடுத்த வாரம் போறாங்க, டீச்சர். எங்கள மாமி வீட்டுல விட்டுட்டு."

நான் கொண்டுபோன கடலை உருண்டையைக் கடித்த யூசுப் திடீரென்று வாயைப் பொத்தினான். உள்ளங்கையில் இரத்தம், நடுவில் ஒரு பல். அவனுடைய முதல் பல். அழ வாயெடுத்தான்.

"ஏய், அழுவாத. கைய மூடு" என்றாள் மும்தாஜ். "அத்தா வரட்டும். அவங்க ஒக்காந்ததும் விழுந்த மாதிரி காட்டணும்."

"வலிக்குது ராத்தா."

"கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லிராதீங்க, டீச்சர்."

கரீம் பாய் வந்தார். நரைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். யூசுப் அவர் மடியில் போய் விழுந்து, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, "அத்தா! பல்லு!" என்று கத்தினான். கையை விரித்தான்.

அவர் பல்லை எடுத்துப் பார்த்தார். அதில் இரத்தம் காய்ந்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கடிதங்களின் கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"இப்பத்தான் விழுந்துச்சா, டீச்சர்?"

"இப்பத்தான்" என்றேன். "நீங்க உட்கார்ந்த பிறகுதான்."

"பக்கத்துப் பல்லும் ஆடுது அத்தா" என்றாள் மும்தாஜ், தேநீர் டம்ளர்களை அடுக்கியபடி. "அது அடுத்த வாரத்துக்குள்ள விழாது. பதினஞ்சு நாளாவது ஆவும்."

கரீம் பாய் மகனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார். ஆள்காட்டி விரலால் அந்தப் பல்லை மெல்ல, மிக மெல்ல ஆட்டிப் பார்த்தார். நான் பஸ்ஸுக்கு எழுந்தபோதும் அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

போய் வாருங்கள், அக்கா.