அனிபாலுக்காகச் சுற்றிய கட்டு

எவரிஸ்தோவின் வீட்டில் ஒரு பழைய ரஷ்யக் குளிர்பெட்டி இருக்கிறது. அதற்கு உயிர் போய் வெகுகாலம் ஆகிறது. மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடைந்த அலமாரியின் தேவதாருப் பலகைகளை உள்ளே அடித்து, அதைச் சுருட்டுப் பெட்டியாக்கிக்கொண்டார் மனிதர். மின்சாரம் போய் ஹவானாவே இருட்டில் கிடந்தாலும் அது மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

காலையில் காப்பி குடிக்கும் முன்பே அதன் கதவைத் திறந்துவிடுவார். சுருட்டு காய்ந்துபோகாமலிருக்க, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கிண்ணத்தில் வைப்பார். குழாய்த் தண்ணீரைத் தொடமாட்டார், பூசணம் பிடித்துவிடும். வறண்ட வடகாற்று அடிக்கும் மாதங்களில் கூடுதலாக ஒரு கிண்ணம் வைப்பார். மேலே இருக்கும் சுருட்டைக் கீழே மாற்றி, ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படி நெத்தியத் தொட்டுப் பாத்திருக்கியா, கிழவா?" என்பாள் மனைவி நெரெய்தா.

"நீ எங்கடி காயப்போற? வாய்தான் ஓயாம நனைஞ்சுக்கிட்டே இருக்கே."

இருவரும் ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள். அவர் சுருட்டு சுற்றினார், அவள் புகையிலையின் நடுநரம்பைக் கிழித்தெடுத்தாள். கேலியும் அங்கிருந்து வந்ததுதான்.

அமெரிக்காவில் தாம்பாவுக்குப் போய்க் குடியேறிவிட்ட ஒரே மகன் அனிபால், பல வருடங்களுக்குப் பிறகு வருவதாகச் சொன்னபோது, எவரிஸ்தோ தன் கையாலேயே ஒரு கட்டு சுற்றினார். அவனோடு பால்கனியில் உட்கார்ந்து, சுற்றிய ஈரத்தோடு பிடிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் தாள் சரியில்லை, முத்திரை சரியில்லை என்று பயணம் தள்ளிப்போனது. அதற்குள் சுருட்டுக்குச் சீக்கு வந்துவிட்டது. சுற்றிச் சில வாரங்கள் தாண்டினால் அப்படித்தான், நவச்சார நெடி ஏறிவிடும். ஒரு வருடம் படுக்கப்போட்டால்தான் தெளியும். அதுவரை சுருட்டுக்காரன் எவனும் அதை இன்னொருவன் கையில் கொடுக்கமாட்டான்.

அனிபால் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னடா இப்படி இளைச்சிட்ட?"

"அங்க சோறு அப்படிப்பா. அத விடுங்க, எனக்காகச் சுத்தினதுல ஒண்ணு எடுங்க."

"அது இப்ப சீக்குல கிடக்கு. ஆலைச் சுருட்டு இருக்கு, தரவா?"

"அதான் அங்கயே கிடைக்குதே. எனக்கு உங்க சுருட்டுதான் வேணும். சீக்கா இருந்தா என்ன, நான் பிடிக்கிறேன்."

"என் புள்ளைக்கு நவச்சாரத்தக் கொடுப்பேனா? அடுத்த வருஷம் வா. அப்பனும் மகனும் சேந்து பிடிப்போம்."

அவன் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தான். "சரிப்பா, பத்திரமா வச்சிருங்க," என்றான்.

மழைக்காலத்தில் மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். அனிபால் போய்விட்டானாம், வயிற்றில் புற்றுக்கட்டியாம். ஹவானாவுக்கு வரும்போதே அவனுக்குத் தெரியுமாம்.

எவரிஸ்தோ இடிந்துபோனார். பிள்ளை போய்விட்டான் என்பதைக்கூட அழுது தீர்க்கலாம். கேட்டான், வீம்பு பிடித்துக் கொடுக்காமல் அனுப்பினோம் என்பதை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது? ஆனாலும் பஞ்சு நனைப்பது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

அந்த வருடமும் முடிந்தது.

"தெளிஞ்சிருக்கும். எடுத்துப் பத்த வைய்யா," என்றாள் நெரெய்தா. மகனுக்காக ஒரு நாற்காலியையும் அவளே பால்கனியில் கொண்டுவந்து போட்டாள்.

அவர் நுனியை வெட்டிப் பற்றவைத்தார். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. தேனும் மரமும் கலந்த மணம். வாழ்நாளில் அவர் சுற்றியதிலேயே இதுதான் உசத்தி. கெட்டுப்போயிருந்தால் தேவலை என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"எப்படி இருக்கு?"

அவர் காலி நாற்காலியைப் பார்த்தார்.

"இன்னும் சீக்கு போகல," என்றார்.

காலமெல்லாம் இலையோடு இலையாகக் கிடந்தவள் நெரெய்தா. பால்கனி முழுக்க நிறைந்திருந்த அந்த மணம் அவள் மூக்குக்குத் தெரியாதா என்ன. அவர் கையிலிருந்த சுருட்டை மெதுவாக வாங்கி, அதன் கனலை அணைத்தாள்.

"சரி, அடுத்த வருஷம் பாப்போம்," என்றவள், பஞ்சுக்குத் தண்ணீர் காய்ச்ச உள்ளே போனாள்.