அடங்காத தராசு

வேதியியல் ஆய்வகத்தின் மின்தராசுக்கு ஏதோ கிறுக்குப் பிடித்திருந்தது. காலையில் எதை வைத்தாலும் எண்கள் நிலைகொள்ளாமல் ஓடும். மதியத்துக்கு மேல் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். அதற்கு இன்னும் தூக்கக்கலக்கம் தெளியவில்லை என்றார்கள் மாணவர்கள். வெள்ளிக்கிழமை பழைய சாமான்களோடு தள்ளிவிடலாம் என்றார் கிடங்கு எழுத்தர்.

அதே வெள்ளிக்கிழமைதான் ஆய்வக உதவியாளரின் தற்காலிக வேலையை நீட்டிப்பதா என்று துறைத்தலைவி சொல்ல வேண்டும். தராசு அவள் பொறுப்பு. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்; தங்கும் விடுதியில் அறை துடைத்துத்தான் அம்மா அவளைப் படிக்க வைத்தாள். ஒரு தராசு ஏன் ஆடுகிறது என்றுகூடத் தெரியாவிட்டால் அப்படி என்னதான் படித்தோம் என்ற கேள்வி அவளைக் குடைந்தது.

குளிர்சாதனத்தை அணைத்துப் பார்த்தாள். எண்கள் ஓடின. காவலாளியிடம் கெஞ்சி மின்தூக்கியை நிறுத்த வைத்தாள். அப்போதும் ஓடின. மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்த எழுத்தர், "ஏம்மா, கிறுக்கு தராசுக்கா, உனக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை பேருந்து பாதி வழியில் படுத்துவிட்டது. அரக்கப்பரக்க அவள் வந்து சேர்ந்தபோது மாணவர்கள் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்கள் ஆணி அடித்தாற்போல் நின்றன.

சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வந்தது. இன்று என்ன நடக்கவில்லை? நான் வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

துடைத்திருப்பேன். காலையில் அவளுடைய முதல் வேலையே, தராசின் கண்ணாடிக் கூண்டை அம்மா கொடுத்த நைலான் துணியால் முகம் தெரியும்வரை தேய்ப்பதுதான். இப்போது அந்தத் துணியை எடுத்துத் தேய்த்தாள். முன்கையில் முடி சிலிர்த்து நின்றது. எண்கள் ஓடத் தொடங்கின. உரசினால் மின்னூட்டம் பிறக்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் அவள். வறண்ட அறையில் அது கண்ணாடியை விட்டுப் போக மதியமாகியிருக்கிறது.

பேசாமல் துடைப்பதை நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இதை இன்னொருவருக்குக் காட்டாமல் அவளால் இருக்க முடியவில்லை. துறைத்தலைவியைக் கூட்டி வந்தாள்.

"மேடம், தராசுல கோளாறு இல்ல. நான்தான் தினமும் தொடச்சுத் தொடச்சு அத ஆட வச்சிருக்கேன்."

துறைத்தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "எங்க, இன்னொரு தடவ தொடைங்க."

எண்கள் ஓடின. இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"ஈரத்துணின்னா?"

"தெரியல மேடம். பாக்கணும்."

"மழைக்காலத்துல எப்படின்னும் பாக்கணுமே. வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படி முடியும்? இருந்து பாருங்க."

வீட்டில் அம்மா நம்பவே இல்லை. "தொடச்சா கெட்டுப்போற சாமான் எங்கடி இருக்கு?" என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, அப்படியானால் எதால்தான் துடைப்பது என்று கேட்டாள்.

மகள் துணிக்கூடையைத் தரையில் கவிழ்த்துப் பருத்தியை ஒரு பக்கம், நைலானை ஒரு பக்கம் பிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவும் உட்கார்ந்தாள்.