பத்து மதிப்பெண் கேள்வி

மாமல்லபுரத்தில் சிற்பக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தேன். சந்தேகத்தால் மனைவியையும் தன்னையும் அழித்துக்கொள்ளும் ஒருவனின் சோக நாடகம் பாடமாக இருந்தது. தினமும் சாயங்காலம் என் மனைவி, தமிழ் விளக்கம் போட்ட கைடைப் பார்த்துக் கேள்வி கேட்பாள். அந்த மடையனைத் திட்டிக்கொண்டே பதிலை ஒப்பிப்பேன்.

தேர்வுக்கு முந்தைய வாரம், அவளைத் திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் எவனோடோ பைக்கில் பார்த்ததாக நண்பன் சொன்னான். அன்றோடு, பாடத்தை ஒப்பிப்பதைத் தவிர, அவளிடம் பேச்சை நிறுத்தினேன். அவள் வேலை செய்யும் ஓட்டலுக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்தேன்.

மூன்றாம் நாளும் அவள் கைடை எடுத்தாள். "அவன் அழிஞ்சதுக்குக் காரணம் இன்னா?"

அவள் முகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தேன். "ஊரையெல்லாம் கேட்டான். மனைவியைக் கேட்கவில்லை."

கைடை மூடினாள்.

"என் ஓட்டலாண்ட வந்து நாலு பேர கேட்டுகினு போனியே, என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"சரி, யாரு அவன்?"

"இப்ப கேக்குறியா. இனிமே சொல்ல மாட்டேன்."

செங்கல்பட்டில் எழுதிய தேர்வில் அதே கேள்வி வந்தது. தேறிவிட்டேன். நாடகத்தில் வருபவனுக்குக் கடைசிக் காட்சியிலாவது உண்மை தெரிந்துவிடுகிறது. எனக்கு ஆறு வருடமாகத் தெரியவில்லை. இன்னொரு முறை கேட்க எனக்கு வாயும் வரவில்லை.