மஞ்சள் பிடித்த சுவர்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. யுத்தம் வந்து கடற்கரையில் முள்ளுக்கம்பி அடித்த பிறகு, பிள்ளைகள் நீந்துவதற்காக ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு தொட்டி கட்டுவித்தேன். கட்டியவர் லைசென்ஸ் பெற்ற கொந்தராத்துக்காரர் செல்லையா.

வேலை முடிந்ததும் அவர், "சுவர் இன்னும் இறுகேல்லை ஐயா. பத்து நாளைக்கு ஈரச்சாக்கு மட்டும் போடுங்கோ, தண்ணி நிரப்பாதேங்கோ," என்றார்.

"ஓம்," என்றேன்.

ஆனால் இரண்டு நாளில் ஆடி பிறக்க இருந்தது. "பிறகு ஒரு மாதத்துக்கு ஒண்டும் தொடங்க ஏலாதப்பா," என்றாள் மனைவி. சம்பிரதாயத்துக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். பிள்ளைகள் துள்ளியதைப் பார்த்து, பொழுது சாயும்வரை நானே கிணற்றில் இறைத்து ஊற்றினேன். மறுநாள் சுவர் பிளந்து தண்ணீர் வடிந்திருந்தது.

வளவு காய்ந்த பிறகே செல்லையாவை அழைத்தேன். வெடிப்பைத் தடவிப் பார்த்தவர், "தண்ணி விட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை. உங்கட கலவைதான் பிழை!" என்று கத்தினேன். அதையே லைசென்ஸ் கொடுத்த கந்தோருக்கும் எழுதினேன். அவரை ஒரு வார்த்தை கேட்காமலே லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள்.

மனம் உறுத்தி, பிறகு உண்மையை எழுதி அனுப்பியும் லைசென்ஸ் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. குச்சவெளியில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அண்டைக்கே தெரியும் ஐயா. சுவரில மஞ்சள் பிடிச்சிருந்தது. பிள்ளையள் பக்கத்தில நிண்டவை, அவையளுக்கு முன்னால உங்களைப் பொய்யன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

இப்போது வீட்டில் எது பழுதானாலும், என் பிழையைத்தான் முதலில் சொல்கிறேன். பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொல்கிறேன்.